நர்ஸை அழைக்கிறவர்கள் செலவையும் ஏற்கட்டும்

அன்புள்ள ஊர்மக்களுக்கு,

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். நைட் டியூட்டி முடிந்து வந்து போனைத் திறந்தால் கருங்கல், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளின் கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. "அக்கா, இந்த ஏஜென்சி நல்லதா? நாலரை லட்சம் கேக்காங்க. பாதியை இப்பவே கட்டணுமாம்." ஏஜென்சியின் பெயர் மாறும், தொகை மாறும், கேள்வி மாறாது. ஆளுக்கொரு பதில் எழுதி மாளவில்லை. ஆகவே எல்லோருக்குமாக இந்த மடல்: நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு, அவர்களுக்காக நகையை அடகு வைக்கத் துணிந்துவிட்ட பெற்றோருக்கு, பங்குப் பேரவையிலும் ஊர்க் கமிட்டியிலும் பஞ்சாயத்திலும் இருக்கிற பெரியவர்களுக்கு.

பணம் கட்ட வேண்டாம். பதில் அவ்வளவுதான். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

ஜெர்மனி நமக்கு உபகாரம் எதுவும் செய்யவில்லை. அதற்கு ஆள் வேண்டும். இந்நாட்டின் மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் 2024 ஜனவரியில் போட்ட கணக்கின்படி, 2049 இல் இங்கே 2,80,000 முதல் 6,90,000 பேர் வரை நர்ஸுகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் தட்டுப்பாடு வரும். அதே ஆண்டு அக்டோபரில் அன்றைய சான்ஸலர் ஒலாஃப் ஷோல்ஸ் டெல்லிக்கு வந்த சமயம், தொழில் தெரிந்த இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசாவை 90,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். நம் பத்திரிகைகளில் அது ஏதோ பரிசு விழுந்த மாதிரி வந்தது. தேவை அவர்களுடையது. வார்டு அவர்களுடையது. கட்டிலில் கிடப்பவர் அவர்கள் வீட்டுத் தாத்தா. அந்தக் கட்டில் பக்கத்தில் ஒரு நர்ஸ் வந்து நிற்பதற்கான செலவை மட்டும் கருங்கல்லில் ரப்பர் பால் வெட்டுகிற மனிதர் ஏன் கட்ட வேண்டும்?

இது என் சொந்த நியாயம் அல்ல. வேலை தேடித் தரும் தனியார் ஏஜென்சி தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997 லேயே உடன்படிக்கை எழுதிவிட்டது. 2018 டிசம்பரில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஏற்கப்பட்ட புலம்பெயர்வு குறித்த உலக உடன்பாட்டிலும் ஆளெடுப்பு நியாயமாக நடக்க வேண்டும் என்பது ஒரு குறிக்கோள். ஐ.நா. பொதுச்சபையில் அதற்கு ஆதரவாக இந்தியாவும் வாக்களித்தது, ஜெர்மனியும் வாக்களித்தது.

காகிதத்தில் மட்டும் இல்லை, நடைமுறையிலும் இருக்கிறது. ஜெர்மனியின் வேலைவாய்ப்புத் துறையும் இந்நாட்டின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜி.ஐ.இசட்டும் சேர்ந்து 2013 முதல் 'டிரிபிள் வின்' என்ற திட்டத்தில் நர்ஸுகளை எடுக்கின்றன. வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்கா 2021 இல் அதில் சேர்ந்தது. மொழிப் படிப்புக்கும் விமானத்துக்கும் வேலை கொடுப்பவரே செலவழிக்கிறார். களியக்காவிளை தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. அங்கேயுள்ள பெண்ணுக்கு இலவசமாகக் கிடைக்கிற வழிக்கு, இந்தப் பக்கத்துப் பெண் நாலு லட்சம் தருகிறாள். ஜெர்மனி ஒன்றுதான், சட்டம் ஒன்றுதான். இடையில் பேசி வாங்க ஓர் அரசு அமைப்பு இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். நம் மாநிலத்திலும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று அரசு நிறுவனம் ஒன்று உண்டு. தனியார் அலுவலகத்துக்குப் போகும் முன் அங்கே விசாரித்தவர்கள் நம்மூரில் எத்தனை பேர்?

இனி, வந்து சேர்ந்த பிறகு நடப்பது. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏஜென்சி நோட்டீஸில் இது வராது.

நம் பி.எஸ்சி. நர்சிங் பட்டத்தை இங்கே அப்படியே ஏற்க மாட்டார்கள். பாடத்திட்டத்தை மணிக்கணக்காகப் பிரித்து, இன்ன பகுதியில் இத்தனை மணி நேரம் குறைகிறது என்று ஒரு கடிதம் தருவார்கள். அதன் பிறகு ஒன்று, மாதக்கணக்கில் தகவமைப்புப் பயிற்சி, இல்லை, தேர்வு. ஜெர்மன் மொழியும் பெரும்பாலும் பி-2 நிலைக்கு வர வேண்டும். அதுவரை நீங்கள் நர்ஸ் இல்லை, உதவியாள். என் வார்டுக்கு வந்த ஒரு பிள்ளை ஊரில் எட்டு வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவள். வென்டிலேட்டர் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கே அங்கீகாரம் வரும்வரை மருந்து அலமாரியின் சாவி அவள் கைக்கு வரவில்லை. காலையில் பதினொரு பேரைக் குளிப்பாட்டினாள், சாப்பாடு ஊட்டினாள், படுக்கை மாற்றினாள். குளிப்பாட்டுவதில் கேவலம் எதுவும் இல்லை. நம்மூரில் நோயாளியுடன் கூட இருப்பவர்கள் செய்கிற அந்த வேலையை இங்கே படித்த நர்ஸும்தான் செய்கிறாள். நம் பிள்ளைகளை உறுத்துவது வேலை அல்ல, சம்பளச் சீட்டு. முதியோர் பராமரிப்பில் 2025 ஜூலை நிலவரப்படி குறைந்தபட்சக் கூலி உதவியாளுக்கு மணிக்கு 16.10 யூரோ, தகுதிபெற்ற நர்ஸுக்கு 20.50 யூரோ. முழுநேர வேலையில் மாதத்துக்கு 700 யூரோவுக்கு மேல் வித்தியாசம். அங்கீகாரம் ஆறு மாதம் தள்ளிப்போனால் அந்த நஷ்டம் யாருக்கு? நோட்டீஸில் போட்டிருந்த 'மாதம் மூன்று லட்சம்' எந்தப் படியில் நிற்பவருக்கு, வரிபிடித்த பிறகா, முன்னாலா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, பிணைப்பு. நம் மாவட்டத்துப் பெண் ஒருத்தி கிழக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். இரவில் ஒரு தளம் முழுவதற்கும் அவள் ஒருத்திதான். எட்டாம் மாதம் வேறு இடம் பார்த்துக்கொண்டு ராஜினாமா கொடுத்தாள். உடனே கடிதம் வந்தது: மொழி வகுப்பு, விமானம், ஏஜென்சி கட்டணம் எல்லாம் சேர்த்துப் பல ஆயிரம் யூரோ திருப்பித் தர வேண்டும். நாகர்கோவிலில் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் அந்த வாசகம் இருந்தது. இதைத்தான் நம் ஊர்த் தனியார் ஆஸ்பத்திரிகள் அசல் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துச் செய்கின்றன. பீரோவுக்குப் பதில் இங்கே பத்தி எண். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே இப்படி எழுதிவிட்டதாலேயே அது செல்லுபடியாகிவிடாது. தொழிலாளியை அளவுக்கு மீறிக் கட்டிப்போடும் நிபந்தனைகளைத் தொழிலாளர் நீதிமன்றம் தள்ளுபடி செய்யும். அந்தப் பெண் வெர்டி தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தாள். சந்தா மொத்தச் சம்பளத்தில் ஒரு சதவீதம். சங்கத்து வக்கீல் பதில் அனுப்பியதும் இல்லம் அடங்கிவிட்டது. 'ஃபேர் இன்டக்ரேஷன்' என்று வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இலவச ஆலோசனை மையங்களும் நாடெங்கும் இருக்கின்றன. வருகிற பிள்ளைகள் முதல் மாதமே சங்கத்தில் சேருங்கள். சங்கம் என்றால் வம்பு என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்த பாடத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டு அரசுகள் பேசி முடித்திருக்கிற ஒப்பந்தத்தில் இதெல்லாம் வருகிறதா என்று கேட்பீர்கள். 2022 டிசம்பர் 5 அன்று டெல்லியில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் அன்றைய ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் அன்னலேனா பேர்பாக்கும் கையெழுத்திட்டார்கள். மாணவர்களுக்குப் படிப்புக்குப் பின் 18 மாதத் தங்கல் அனுமதி, வேலை தேட ஆண்டுக்கு 3,000 விசா என்று நல்ல விஷயங்கள் உண்டு. கூடவே, அனுமதி இல்லாமல் தங்கியவர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ளும் நடைமுறையும் உண்டு. ஐரோப்பா எந்தக் கண்டத்தோடு பேசினாலும் இந்த இரண்டும் ஒன்றாகவே வரும். என்னோடு வேலை செய்யும் துனிசியப் பெண் இதை என்னைவிட நன்றாக அறிந்தவள். அவளை டிரிபிள் வின் அழைத்து வந்தது. 2023 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் துனிசியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, படகுகளைத் தடுக்கவும் ஆட்களைத் திருப்பி அனுப்பவும் 10.5 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. அதே மாதம் துனிசிய அதிகாரிகள் நூற்றுக்கணக்கான கறுப்பின ஆப்பிரிக்கர்களை லிபிய எல்லைப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நர்ஸுக்கு ஒரு வாசல், அவள் தம்பிக்குக் கடற்படை. இதைக் கூட்டாண்மை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1960களிலும் 70களிலும் மேற்கு ஜெர்மனி கொரியாவிலிருந்து சுமார் 10,000 நர்ஸுகளை அழைத்தது. கத்தோலிக்க சபை வழியாகக் கேரளத்துப் பெண்களும் அப்போது வந்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஆள் போதும் என்றானது. பலருக்கு அனுமதி நீட்டிக்கப்படவில்லை. கொரியப் பெண்கள் கையெழுத்து இயக்கம் நடத்தித் தெருவுக்கு வந்தார்கள், 1978 இல் தங்கும் உரிமையை வாங்கினார்கள். கொலோனில் எனக்குத் தெரிந்த வயதான சேச்சி ஒருவர் இன்றும் சொல்வார், கூட வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டே விமானம் ஏறினார்கள் என்று. ஆகவே, 90,000 என்ற எண் ஒருநாள் கீழே இறங்கினால் நம் பிள்ளைகளின் கதி என்ன என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

இப்போது நம் பக்கத்துக் கணக்கு. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளின் நர்ஸுகளை உறிஞ்சக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010 இல் நெறிமுறை வகுத்தது. யாரிடமிருந்து முனைந்து ஆள் எடுக்கக் கூடாது என்று 2023 இல் வெளியிட்ட பட்டியலில் 55 நாடுகள். இந்தியா அதில் இல்லை. அதாவது நம்மிடம் நர்ஸ் தாராளமாக இருக்கிறார்களாம். ஜெர்மனியில் ஆயிரம் பேருக்குச் சுமார் 12 நர்ஸ், இந்தியாவில் சுமார் 2. ஆறு மடங்கு வைத்திருப்பவருக்குப் பற்றாக்குறை, நமக்கு உபரி! நம் உபரி எப்படி உண்டாகிறது தெரியுமா? 2015 இல் தேர்வெழுதி அரசு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த நர்ஸுகளுக்கு நம் மாநிலம் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னையில் மருத்துவத் துறையின் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு ஊதியம் கூடியது; நிரந்தரத்துக்குப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நோயாளி இல்லாமலா நர்ஸ் மிஞ்சினாள்? பணியிடம் இல்லாமல் மிஞ்சினாள். நியாயமான ஒப்பந்தம் என்றால், நம் பெற்றோர் செலவில் படித்து வருகிற ஒவ்வொரு நர்ஸுக்கும் ஜெர்மனி ஒரு தொகையை நம் நர்சிங் கல்லூரிகளுக்கும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் தர வேண்டும். அதைக் கேட்க நம் அரசுக்கு வாய் வர வேண்டுமானால், 7,700 ரூபாய் கொடுத்த கை முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

டெல்லியிலும் ஓட்டை இருக்கிறது. 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் குடியகல்வு அனுமதி தேவைப்படுவது 18 நாடுகளுக்கு மட்டும். அந்த நாடுகளுக்கு நர்ஸ் எடுப்பதை 2015 முதல் அரசு நிறுவனங்கள் வழியாக்கினார்கள். சவுதிக்கும் குவைத்துக்கும் போகிறவளுக்கு அந்தக் காவல் உண்டு. ஜெர்மனி பட்டியலில் இல்லை. பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்ற உச்சவரம்பை, மீதியை மொழி வகுப்புக் கட்டணம், ஆவணச் செலவு என்று எழுதி எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புது மசோதாவின் வரைவை 2025 இல் வெளியுறவு அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வைத்தது. நம் மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் கருத்து அனுப்பினோம்? கோயில் கொடை, திருவிழாக் கணக்குக்கு இரவெல்லாம் உட்காருகிற ஊர் நம்முடையது.

அடுத்த கிராம சபையில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஜெர்மனி செல்லும் நர்ஸுகளையும் அரசு வழியே மட்டும் எடுக்க வேண்டும், கேரளத்துக்குக் கிடைத்த திட்டம் நமக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டு எம்.பி.க்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள். அதுவரை, பணம் கேட்கிற ஏஜென்சியிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீது கேளுங்கள், ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். இந்த மூன்றையும் தராத இடத்தில் பிள்ளையின் சர்ட்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை