14 குதிரைக்கு ஒரு டைனோ தேவையோ?

முதலே சொல்லிவிடுகிறோம், நாங்கள் ஒருத்தரும் மெக்கானிக் இல்லை. கலைப்பீடத்துப் பெடியளும் பெட்டையளும். ஆனால் எங்களுக்குள்ள போன மாசம் முழுக்க நடந்த சண்டை அரசியலும் இல்லை, சினிமாவும் இல்லை. ஒரு பழைய பல்சர் 150 பற்றியது.

எங்கட கூட்டாளி ஒருத்தன் அதைக் கைமாறி வாங்கினவன். 2020இல வாகன இறக்குமதி நிண்ட பிறகு பழைய பைக்குகளின்ர விலை ஏறின கதை எல்லாருக்கும் தெரியும். புதுசு வாங்க வழியில்லாதவன் பழசைத் தன்ர ஆக்கிக்கொள்ளப் பாக்கிறான். அதில பிழை இல்லை. சைலன்சரை மாத்தினான். எயார் ஃபில்டர் பெட்டியைக் கழட்டிப்போட்டு கூம்பு மாதிரி ஒண்டைப் பூட்டினான். அதுக்குப் பிறகு வண்டி நடு வேகத்தில இழுக்காமல் திக்குது, அக்சிலேற்றரை விட்டால் பட பட எண்டு வெடிக்குது. "கொழும்புக்கு ஏத்திக்கொண்டு போய் டைனோவில போட்டு ரியூன் பண்ணினால்தான் சரிவரும்" எண்டு ஆரோ சொல்லிவிட்டினம். போக வர வான் கூலியோட சேத்துப் பாத்தால், பல மாசத்து மகாபொலக் காசு.

இந்தச் செலவு தேவையோ? எங்கட பதில்: இவன்ர பைக்குக்குத் தேவையில்லை. ஏன் எண்டு சொல்கிறோம்.

டைனோ எண்டால் மந்திரப்பெட்டி இல்லை, அளக்கிற கருவி. பைக்கைக் கட்டி நிப்பாட்டி, பின்சில்லைப் பாரமான ஒரு உருளைக்கு மேல வைப்பார்கள். பிறகு முழு அக்சிலேற்றர். உருளையின்ர பாரம் ஏற்கனவே தெரியும். அது எவ்வளவு கெதியாச் சுழலத் தொடங்குது எண்டதை வைச்சு, சில்லுக்கு வந்துசேருற பலத்தைக் கணக்குப் பாக்கலாம். அதோட சைலன்சர் குழாய்க்குள்ள ஒரு சென்சரையும் விட்டால், ஒவ்வொரு ஆர்பிஎம்மிலையும் காத்தும் பெற்றோலும் என்ன அளவில கலந்து எரியுது எண்டும் தெரியும். 1 கிராம் பெற்றோல் முழுசா எரிய 14.7 கிராம் காத்து வேணும். முழு பலம் எடுக்கக் கிட்டத்தட்ட 13 போதும். அதைவிடக் காத்து நல்லாக் கூடினால் எஞ்சின் சூடாகும், கடைசியில பிஸ்டனுக்கே ஆபத்து. ஆகவே டைனோ சொல்லுற தகவல் பெறுமதியானது. அதை நாங்கள் மறுக்கவில்லை.

கேள்வி, அந்தத் தகவலை வைச்சு இந்த பைக்கில என்ன செய்யலாம் எண்டதுதான்.

பல்சர் 150 எஞ்சினில ஏறத்தாழ 14 குதிரைவலு. செயின், கியர் எல்லாத்துக்கும் பங்கு குடுத்து, பின்சில்லுக்கு வரேக்க 12 மிஞ்சும் எண்டு வைப்பம். நல்ல ரியூனிங்கில 5 வீதம் கூடினது எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. 0.6 குதிரைவலு. இப்ப மற்றப் பக்கத்தைப் பாருங்கோ. பைக் 145 கிலோ, ஓடுறவன் 65 கிலோ, மொத்தம் 210. பின்னால இன்னொரு 65 கிலோ ஆள் ஏறினால் பாரம் 30 வீதத்துக்கு மேல கூடுது. எங்கட கூட்டாளியின்ர பின்சீற் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. ஒண்டில் அம்மா, இல்லாட்டி எங்களில் ஒருத்தர். அந்த 0.6 எங்க போகும்?

அடுத்தது, இது காபரேட்டர் வண்டி. காபரேட்டரில மாத்தக்கூடியது மூண்டே மூண்டு இடம்தான். மெதுவா ஓடேக்க பைலட் ஜெற், நடுவில நீடில், முழுசாத் திருகினால் மெயின் ஜெற். டைனோ 500 ஆர்பிஎம்முக்கு ஒருக்கா என்ன நடக்குது எண்டு கோடு கீறித் தந்தாலும், அந்த ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாத் திருத்த காபரேட்டருக்கு வழியில்லை. இவன்ர வண்டி நடுவில திக்குறதுக்கு நல்ல மெக்கானிக் ஒருத்தர் நீடிலைத் தூக்கி ஒரு சின்ன வாசர் போடுவார், மெயின் ஜெற்றை ஒரு அளவு பெருசாக்குவார், பிளக்கைக் கழட்டி நிறம் பாப்பார். வெள்ளையா இருந்தால் பெற்றோல் காணாது, கரி பிடிச்சிருந்தால் கூடிப்போச்சு. இதைவிட மலிவான வழி, கழட்டின எயார் ஃபில்டர் பெட்டியைத் திருப்பிப் பூட்டுறது.

இஞ்செக்சன் வண்டி வைச்சிருக்கிறவைக்கும் ஒரு சொல். ஒட்சிசன் சென்சர் இருக்கிற வண்டியில, சாதாரணமா ஓடேக்க ஈசியூ தானாவே கலவையைச் சரிப்படுத்தும். சைலன்சரின்ர பின்துண்டை மட்டும் மாத்தினதுக்கு அது பெரும்பாலும் காணும். முழு அக்சிலேற்றரில அது சென்சரைப் பாக்காது, அந்த இடத்தில மட்டும் ரியூனிங்குக்கு வேலை இருக்கு. ஆனால் அதுக்கு ஈசியூவை மாத்தி எழுதவேணும், இல்லாட்டி தனியா ஒரு கொன்றோலர் வாங்கவேணும். டைனோ காசு ஆரம்பச் செலவு மட்டும்தான்.

இதை வாசிச்சிட்டு, "அப்ப காதுதான் பெருசு, மெசின் சும்மா" எண்டு நாங்கள் சொல்றதா நினைக்கவேண்டாம். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக் காலத்தில, யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின கதையை எங்கட அப்பாமார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெயில ஓட விட்ட தலைமுறை அது. அவையளின்ர காதை மதிக்கிறோம். ஆனால் சைலன்சரைச் சத்தமாக்கினவன்ர காதை நம்பமாட்டோம். சத்தம் கூடினால் வேகமும் கூடினமாதிரி ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்தை உடைக்கிறதில டைனோவுக்கு நிகர் இல்லை. சைலன்சர் மாத்தினதால பலம் கூடவேயில்லை, சில இடத்தில குறைஞ்சிருக்கு எண்டும் அது முகத்துக்கு நேர சொல்லும்.

ஆனால் அந்த உண்மையைக் காசில்லாமலும் அறியலாம். வெறும் றோட்டில, நாலாம் கியரில 40இல இருந்து 60 வர எத்தனை செக்கன் எடுக்குது? பின்னால இருக்கிறவர் போனில மீற்றரை வீடியோ எடுக்கட்டும். மாத்த முன்னம் மூண்டு தரம், மாத்தின பிறகு மூண்டு தரம், அதே ஆக்கள், அதே றோட்டு. இன்னொண்டு, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர். 2022இல கியூஆர் வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்த காலத்தில நாங்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி அதுதானே. பெற்றோல் கிடைச்ச உடன மறந்திட்டோம்.

டைனோ ஆருக்குத் தேவை? சிலிண்டரைப் பெருப்பிச்சவைக்கு, கேம் மாத்தினவைக்கு, முழு எக்சோஸ்ரும் மாத்தினவைக்கு, பந்தயம் ஓடுறவைக்கு. அவையளுக்கு அது செலவில்லை, எஞ்சினுக்குக் காப்புறுதி. அப்பிடிப் போறவை மூண்டு விசயம் கேளுங்கோ. வேலை தொடங்க முன்னம் ஒருக்கா ஓடவிட்டு அளப்பீங்களோ? முழு அக்சிலேற்றர் மட்டுமில்லாமல் பாதியிலையும் பாரம் குடுத்துப் பாப்பீங்களோ? காத்து பெற்றோல் கணக்கையும் தாளில தருவீங்களோ? மூண்டுக்கும் ஓம் எண்டால் போங்கோ. வேற இடத்து டைனோவில எடுத்த இலக்கத்தோட மட்டும் ஒப்பிடவேண்டாம். மெசின் மாறினால், திருத்தக் கணக்கு மாறினால், அதே பைக்குக்கு வேற இலக்கம் வரும்.

எங்கட கூட்டாளியின்ர கதைக்கு வருவம். அண்டைக்கு அவனோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க, எங்களில் ஒருத்தி குனிஞ்சு பின் ரயரைத் தடவிப் பாத்தாள். மொட்டை. முன் பிரேக் பாட்டும் முடியிற கட்டம். மழை பெய்தால் அம்மாவை ஏத்திக்கொண்டு போறவன், 0.6 குதிரைக்குக் காசு சேக்கிறான். ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

இப்ப ரயரும் பாட்டும் புதுசு. எயார் ஃபில்டர் பெட்டி பழைய இடத்தில. திக்கல் நிண்டுபோச்சு. சைலன்சரைத்தான் மாத்தமாட்டேன் எண்டு நிக்கிறான். விடிய அஞ்சரைக்கு அவன் ஸ்டார்ட் பண்ணேக்க முழு ஒழுங்கையும் எழும்புது. அந்தச் சண்டை இன்னும் முடியேல்லை.