செயற்கைக்கோள் சொல்லும் சூடு: நரிக்குடி மண்ணைக் கேட்டுச் சொன்னதா?

சித்திரை வெயிலில் திருச்சுழியிலிருந்து நரிக்குடிக்குப் போகிற சாலையின் இரு பக்கமும் பாருங்கள். வெடித்துக் கிடக்கும் கண்மாய், அதற்குள் மண்டிய சீமைக் கருவேலம், உழாமல் கிடக்கும் மானாவாரிப் புஞ்சை, ஊர் முகப்பில் ஒரு தகரக் கொட்டகை. நாலும் வாங்குவது ஒரே வெயில்தான். ஆனால், வாங்கிய வெப்பத்தைத் திருப்பி வெளியேற்றும் விதம் நாலுக்கும் ஒன்றல்ல. கோடை வந்தாலே செல்போனில் சுற்றும் அந்தச் சிவப்பு நிற வெப்ப வரைபடங்களை எவ்வளவு நம்பலாம் என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2022 ஏப்ரல் கடைசியில் வட இந்தியாவின் சில இடங்களில் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியதாக ஐரோப்பிய விண்வெளி முகமையின் படம் ஒன்று பரபரப்பாகப் பகிரப்பட்டது. அது தரையின் சூடு. வானிலை மையம் தினமும் சொல்வது நிழலில் அளந்த காற்றின் சூடு. இரண்டும் வேறு. இந்த விஷயம் இப்போது பலருக்கும் தெரியும். தெரியாத விஷயம் இதற்கு அடுத்தது.

செயற்கைக்கோளில் தெர்மாமீட்டரே கிடையாது!

தரையிலிருந்து கிளம்பி மேலே வரும் அகச்சிவப்புக் கதிர் எவ்வளவு என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. அதை டிகிரியாக மாற்ற, அந்தத் தரையின் ‘உமிழ்திறன்’ தெரிய வேண்டும். அதாவது, குறிப்பிட்ட சூட்டில் ஒரு பொருள் அதிகபட்சம் எவ்வளவு கதிரை வெளியிட முடியுமோ, அதில் எத்தனை பங்கை நிஜமாக வெளியிடுகிறது என்ற எண். முழுசாக வெளியிட்டால் 1. தண்ணீரும் பச்சை இலைத் தழையும் 0.98, 0.99 என்று அதை நெருங்கி நிற்கும். காய்ந்த மண் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பளபளப்பான உலோகம் ரொம்பவே குறைவு.

வீட்டிலேயே பார்க்கலாம். சூடான காபி ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் பக்கவாட்டில் அகச்சிவப்பு தெர்மாமீட்டரைக் காட்டினால், காபியின் சூட்டைவிட மிகக் குறைவான எண் வரும். அதே டம்ளரில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, டேப்பைக் குறிபார்த்தால் எண் சட்டென்று ஏறும். சூடு ஒன்றுதான், உமிழ்திறன்தான் வேறு. புது ஜிங்க் ஷீட் போட்ட பெரிய மில் கூரை செயற்கைக்கோள் படத்தில் ‘குளிர்ச்சி’யாகத் தெரிவதும் இப்படித்தான். உள்ளே வேலை பார்ப்பவர்கள் வெந்துகொண்டிருப்பார்கள்.

சரி, விண்ணிலிருந்து இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் சிக்கல். ஒரு பட்டையில் அளந்தால் தெரியாதவை இரண்டு: சூடு, உமிழ்திறன். ஐந்து பட்டைகளில் அளந்தால் ஐந்து உமிழ்திறன்களும் ஒரு சூடும் சேர்ந்து தெரியாதவை ஆறு. எத்தனை பட்டை கூட்டினாலும் ஒன்று மிஞ்சும். ஆகவே, எங்கிருந்தாவது ஓர் அனுமானத்தைக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

1999-இல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் கருவி, ஆய்வகத்தில் அளந்த பாறை, மண், இலை மாதிரிகளிலிருந்து கிடைத்த ஒரு தொடர்பைக் கடன் வாங்கியது. அதைக் கொண்டு 2000 முதல் 2008 வரையிலான படங்களைச் சராசரியாக்கி, உலக உமிழ்திறன் தொகுப்பு ஒன்றை நாசா உருவாக்கியது. லேண்ட்சாட் தரும் அதிகாரபூர்வமான தரைச்சூட்டுத் தரவு இன்றும் அந்தத் தொகுப்பைத்தான் அடித்தளமாகக் கொள்கிறது.

இன்னொரு வழி சுலபமானது, அதனாலேயே பிரபலம். பசுமைக் குறியீட்டைப் பார்த்து, தழை எவ்வளவு, வெறும் மண் எவ்வளவு என்று பிரித்து, உமிழ்திறனை ஊகிப்பது. ஸ்பெயின் ஆய்வாளர் சோப்ரினோவின் குழு 2004-இல் வெளியிட்ட சூத்திரம் 0.986-இல் தொடங்கி, பசுமை முழுசாக இருந்தால் இன்னும் 0.004 கூட்டும். தழையும் மண்ணும் கலந்த நிலத்துக்குச் சொன்னது அது. நம்மூர் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் இதையே பொட்டல் காட்டுக்கும் போட்டுவிடுகிறார்கள். அப்போது காய்ந்த புஞ்சைக்கும் 0.986 விழும். உண்மையில் அது 0.966 என்று வைத்துக்கொண்டால், 2 சதவீதப் பிழை. கோடைச் சூட்டில் இது ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை டிகிரி. பிழை ஒரே திசையில் போகும்: வெறும் தரை நிஜத்தைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும்.

ஒன்றரை டிகிரிதானே என்று தள்ளிவிட முடியாது. சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட காலத்திலிருந்து, அந்த மரம் ஊரைச் சூடாக்குகிறதா, வெட்டினால் தரை குளிருமா என்ற சண்டை ஓயவில்லை. வெட்டும் முன்பும் பின்பும் எடுத்த படங்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. தழைக்குச் சரியான எண்ணும், வெட்டவெளிக்குத் தப்பான எண்ணும் போட்டால், வெட்டியதால் ஏறிய சூட்டில் ஒரு பகுதி கணக்கிலேயே காணாமல் போகும். மழைக்குப் பின் ஈரம் ஏறினால் மண்ணின் உமிழ்திறனும் ஏறும் என்பதால், வறண்ட ஆண்டையும் நல்ல ஆண்டையும் ஒப்பிடுவதிலும் இதே வம்பு.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல், நரிக்குடிச் செவல், கண்மாய் வண்டல் ஆகியவற்றின் உமிழ்திறனைக் காய்ந்தும் நனைந்தும் அளந்து ஒரு பொதுப் பட்டியலாக வெளியிடுவது விருதுநகர், மதுரை மாவட்டக் கல்லூரிகளால் முடியக்கூடிய வேலை. வரைபடம் வெளியிடுகிற யாராக இருந்தாலும், எந்த உமிழ்திறனை வைத்துக் கணக்கிட்டோம் என்று ஓரத்தில் ஒரு வரி போட வேண்டும். அந்த வரி இல்லாத படத்தை வைத்து வறட்சி, நிவாரணம், மரம் வெட்டுதல் என எதையும் தீர்மானிக்கக் கூடாது.

லேண்ட்சாட்டின் வெப்பக் கருவிக்கு ஒரு புள்ளி என்பது 100 மீட்டர் சதுரம், சுமார் இரண்டரை ஏக்கர். நரிக்குடிப் பக்கம் அந்த இரண்டரை ஏக்கருக்குள்ளேயே கருவேலம், கரை, புஞ்சை எல்லாம் அடங்கிவிடும். இஸ்ரோவும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்த திருஷ்ணா செயற்கைக்கோளின் திட்டப்படி, புள்ளி சுமார் 60 மீட்டர், வெப்பப் பட்டைகள் நான்கு. தெரியாதவை அதிலும் ஐந்து.