மொனொனோகே இளவரசியும் 'ஒரே இனம்' என்ற பொய்யும்

அனிமே படங்களில் வருவன எல்லாம் யப்பானிய முகங்கள்தாமே, அங்கே பன்முகத்தன்மைக்கு இடமேது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தோலின் நிறத்தை எண்ணிப் புள்ளி போடுகின்ற இந்தக் கணக்கினுள் ஹயாவோ மியசாகியின் 'மொனொனோகே இளவரசி' (1997) அகப்படாது. ஆகவே அதனைக் 'காடு காக்கும் கதை' என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கதாநாயகன் அசித்தாக்கா யார்? எமிசி இனத்தவன். வடகிழக்கு யப்பானில் வாழ்ந்து, யமாத்தோ அரசவையை நெடுங்காலம் எதிர்த்துநின்ற மக்கள் அவர்கள். (ஐனு மக்களுடன் அவர்களுக்கிருந்த உறவு பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.) அவர்களது தலைவன் அத்தெருய், சரணடைந்த பின்னரும், 802இல் கொல்லப்பட்டான். 712இல் தொகுக்கப்பட்ட 'கொஜிக்கி'யிலே இளவரசன் யமாத்தோ தக்கேரு கிழக்கே சென்று எமிசிகளை அடக்குகிறான். பின்னர் வெண்பன்றியாக வந்த மலைத்தெய்வத்தை இகழ்ந்து, நோயுற்று மாள்கிறான். மியசாகியிடமும் பன்றித் தெய்வம் உண்டு, சாபம் உண்டு. ஆனால் சாபத்தைச் சுமப்பவன் அடக்கச் சென்றவன் அல்லன். அடக்கப்பட்டவர்களின் பிள்ளை, தன் ஊரைக் காக்க அம்பெய்தவன். பழங்கதையை இதைவிடத் துணிவாக எப்படித் திருப்பிப்போடுவது?

துணிவு என்பதற்குக் காரணமுண்டு. 1986இல் பிரதமர் நக்கசோனே யப்பானை ஓரின நாடென்றார். ஐனு மக்களின் தனித்துவத்தைக் கரைக்கவென்று வந்த 1899ஆம் ஆண்டுச் சட்டம், இப்படம் வெளியான 1997இலேதான் நீக்கப்பட்டது. 2019இல் அவர்கள் பூர்வகுடிகளெனச் சட்டமே ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரும், 2020 சனவரியில், அப்போது துணைப் பிரதமராயிருந்த தாரோ ஆசோ ஒரே மொழி, ஒரே இனம் என்ற பழைய பல்லவியையே பாடினார்.

எபோசி சீமாட்டியின் இரும்பூருக்கு வருவோம். அங்கே துருத்தி மிதிப்பவர்கள் விபசார விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள்; துப்பாக்கி செய்பவர்கள் தொழுநோயாளர். யப்பானில் தொழுநோயாளரை ஒதுக்கிவைக்கும் சட்டம் 1996 வரை இருந்தது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். தோக்கியோவிலுள்ள தமா சென்சோயென் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றுவந்ததன் பாதிப்பு இப்பாத்திரங்களில் உண்டென மியசாகியே கூறியிருக்கிறார். இவர்களை அவர் இரக்கத்துக்குரிய பொம்மைகளாக்கவில்லை. பன்றித் தெய்வத்தைப் பேயாக்கிய இரும்புக் குண்டு வந்ததே அந்த ஊரிலிருந்துதான். அவர்கள் உழைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், காட்டை அழிக்கும் பாவத்திலும் பங்கேற்கிறார்கள். விளிம்புநிலை மாந்தருக்குத் தவறிழைக்கும் உரிமையையும் கொடுத்த படைப்புகள் எத்தனை?

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. எமிசிக் கிராமத்தை நாம் காண்பது சில நிமிடங்களே. யாரும் வழியனுப்பக் கூடாதென்ற தடையை மீறி ஓடிவந்து, தன் பளிங்குக் கத்தியைத் தருகிறாளே கயா, அவள் மீண்டும் வருவதேயில்லை. அந்தக் கத்தியைத்தான் அசித்தாக்கா பின்னர் சானுக்குக் கொடுத்தனுப்புகிறான். அவளது ஊர் என்னவாயிற்று என்பதுபற்றிப் படம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.