மூன்று வார ஊசி ஒருமுறையும் தவறக் கூடாது!

தொண்டை வலியென்று வந்த பிள்ளையை ஒரு காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிடுகிறோம். சில வாரங்களில் முழங்கால் வீங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது, தானாக அடங்கியும் விடுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்பாற்றல், அதற்குள் இதய வால்வைத் தாக்கித் தழும்பாக்கியிருக்கும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல்.

பின்னொரு நாள், சொத்தைப் பல்லிலிருந்து ரத்தத்தில் கலந்த கிருமி அந்தத் தழும்பில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தொற்றை ஒழிக்க நான்கு முதல் ஆறு வாரம் ரத்தநாளம் வழியே மருந்து ஏற்ற வேண்டும். கூலி வேலையை விட்டு அத்தனை நாள் யார் உடனிருப்பது? கிருமித் திரள் பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். செயற்கை வால்வு பொருத்தினாலும் அதிலும் தொற்று வரலாம்.

பணக்கார நாடுகளில் ருமாட்டிக் இதய நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் நெரிசலில் வாழும் ஏழைப் பிள்ளைகளை அது இன்னும் விடவில்லை. ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போகின்றன. 2018-இல் உலக சுகாதாரப் பேரவை இதற்காகத் தீர்மானம் போட்டது. ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமல் காப்பது மூன்று வாரத்துக்கொருமுறை போடும் பென்சிலின் ஊசி. தீர்மானம் ஊசி போடாது. நாம்தான் போட வேண்டும்!

போட்டால் பலன் உண்டு. வடக்கு உகாண்டாவில் அறிகுறி தெரியாத பிள்ளைகளின் நோயை இதய எக்கோ பரிசோதனையில் கண்டறிந்து, 2 ஆண்டுகள் நான்கு வாரத்துக்கொருமுறை பென்சிலின் போட்டார்கள். அவர்களில் நோய் முற்றியது 100-க்கு ஒருவருக்கும் குறைவு. போடாதவர்களில் 100-க்கு 8 பேருக்கு.

செவிலியர் தோழர்களே! பென்சாத்தின் பென்சிலின் கலக்கினால் பால்போல் கெட்டியாகும், மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். பெரிய ஊசியால், தசையில் ஆழமாக, நிதானமாகச் செலுத்துங்கள். வலிக்குப் பயந்தால் பிள்ளை மறுமுறை வராது. ஒவ்வாமைப் பயத்தில் மருந்தையே ஒதுக்காதீர்கள். உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை மிக அரிது. அட்ரினலினைக் கையருகே வைத்துக்கொண்டு போடுங்கள்.

மருத்துவத் தோழர்களே! வால்வு நோயாளிக்குக் காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் எடுங்கள். முதலில் மருந்து கொடுத்துவிட்டால் கிருமி அகப்படாமல் போகலாம்.

சங்கத் தோழர்களே! விலை மலிவு, லாபம் சொற்பம் என்பதால் இந்த மருந்தைத் தயாரிக்கும் கம்பெனிகள் வெகு சில. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்புத் தீர்ந்தால் மனு கொடுங்கள். அசையாவிட்டால் வாசலில் உட்காருங்கள்!

இந்த வாரமே ஊசிப் பதிவேட்டைத் திறப்போம். ஊசி தவறிய பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். கிளம்புங்கள், தோழர்களே!