உறங்கும்போது வரும் பணம்

"வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம், நீங்கள் உறங்கும்போதும் பணம் வந்து சேரும்!" கைப்பேசி உள்ள எந்த இல்லத்திற்கும் இந்த அழைப்பு வராமலிருப்பதில்லை. திருப்பூர்க் குடும்பங்களின் காதில் அது இன்னும் இனிமையாக ஒலிப்பதற்குக் காரணமுண்டு. 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது ஏற்றுமதி ஆர்டர்கள் பல தடைப்பட்டன. சனிக்கிழமைச் சம்பளத்தையே நம்பியிருந்த வீடுகளில் கலக்கம் புகுந்தது. ஒரே தொழிலை நம்பி வாழும் ஊர் இரண்டாவது வருமானத்தை நாடுவதில் குற்றமில்லை. அந்த வருமானம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்று கேட்கத் தவறுவதே ஆபத்து.

இவ்வூர் அதனைக் கேட்கத் தவறியதுண்டு. அந்நியச் செலாவணி வணிகத்தில் முதலிட்டுப் பெருக்கித் தருவதாகக் கூறிய பாசி நிறுவனம் திருப்பூரில்தான் இயங்கிற்று. ஏமாற்றப்பட்ட தொகை ஏறத்தாழ 930 கோடி ரூபாய். அதன் இயக்குநர் இருவருக்குக் கோவை நீதிமன்றம் 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது 2022 ஆகஸ்டில். அதற்குப் பின்னும், 2024 ஜனவரியில், விளம்பரம் பார்த்தால் பணம் என்று உறுப்பினர் சேர்த்த கோவை நிறுவனம் ஒன்றின் மீது வழக்குப் பதிவானபோது, அந்நிறுவனத்திற்கு ஆதரவாகப் பல்லாயிரவர் நீலாம்பூரில் திரண்டனர். பணம் கட்டியவர்களே காவல்துறைக்கு எதிராகக் கூடினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விளம்பரத்தால் நேர்மையாகப் பொருளீட்டும் வழியும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவர் ஏதேனும் ஒரு சிறு பொருளைப் பற்றி மட்டும் இணையதளம் ஒன்றை அமைக்கிறார். அப்பொருளைத் தேடுவோர் அங்கே வந்து படிக்கின்றனர். பக்கத்தின் ஓரத்தில் கூகுள் நிறுவனம் தன் ஆட்சென்ஸ் திட்டத்தின் மூலம் விளம்பரம் இடுகிறது. விளம்பரதாரர் தரும் தொகையில் ஏறத்தாழ 68 விழுக்காடு தளத்தின் உரிமையாளருக்கு. 2003இல் தொடங்கிய இத்திட்டம் தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியது 2018 பிப்ரவரியில்தான். இங்கே பணம் தருபவர் விளம்பரதாரர்; எழுதுபவர் முன்பணம் கட்டுவதில்லை. தளத்தின் பெயருக்கு ஆண்டுக்கு ஓராயிரம் ரூபாய் அளவில் செலவாகும், அவ்வளவே. 'சேர்வதற்கு இவ்வளவு, ஆள் சேர்த்தால் இவ்வளவு' என்று எவரேனும் சொன்னால், அது வேறு கதை.

இதனை வாழ்க்கைத் தொழிலாகவே கொண்டவர்களும் நம் நாட்டில் உளர். அமித் அகர்வால் என்னும் பொறியாளர் 2004இல் வேலையை விட்டு, ஆக்ராவில் வீட்டிலிருந்தபடி லேப்னால் என்ற தளத்தில் கணினி நுட்பங்களை எளிமையாக விளக்கி எழுதத் தொடங்கினார். இந்தியாவின் முதல் முழுநேர வலைப்பதிவர் என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் அவர் உறங்கிச் சம்பாதித்தவரல்லர். ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுதியவர்.

நாம் எதை எழுதுவது என்று கேட்கிறீர்களா? திருப்பூர்க்காரர் கேட்கக்கூடாத கேள்வி இது! துணியை நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, அதன் எடையை கிராமில் கண்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும், 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். இது கட்டிங் மேசையருகே நிற்கும் எவருக்கும் தெரியும். வெளியூரில் புதிதாக பனியன் வாங்கி விற்கத் தொடங்குபவருக்குத் தெரியாது. துவைத்ததும் பக்கத் தையல் முன்புறம் திரும்பிவிடுவதேன்? சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு தளர முயன்று துணியைக் கோணச் செய்கிறது. 30 கவுண்ட் என்றால் என்ன? 840 கெஜச் சிட்டம் முப்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் வாங்குகையில் எந்தக் குறையை விடலாம், எதை விடக்கூடாது? செக்கிங் பிரிவில் ஆண்டுகள் பல நின்ற ஒரு தாயின் கண்ணுக்கு இதெல்லாம் வெளிச்சம். அவர் சொல்ல, கல்லூரியில் பயிலும் மகள் எழுதினால் அதுவே ஒரு தளம். பிறர் எழுதியதைப் பெயர்த்து ஒட்டும் நூறு பக்கங்களைவிட இத்தகைய பத்துப் பக்கங்கள் மேல் என்பது என் எண்ணம்.

இனி வருவாய்க் கணக்கு. ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் ஒரு டாலர் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு டாலர் சேர்ந்தால்தான் கூகுள் பணம் அனுப்பும். அப்படியானால் ஓர் இலட்சம் பார்வைகள் வேண்டும்! புதிய தளத்திற்கு அது பல மாத உழைப்பு. சில வேளை ஓராண்டு. வீட்டு வாடகையை இதை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள். வந்த வருமானமும் நிலைத்து நிற்குமென்பதில்லை. 2024 மார்ச்சில் கூகுள், தேடலுக்கென்றே குவியல் குவியலாகச் செய்யப்பட்ட பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. அதே ஆண்டு ஆகஸ்டில், தேடுபவருக்குச் செயற்கை நுண்ணறிவே விடை சொல்லும் வசதி இந்தியாவுக்கும் வந்தது. விடை அங்கேயே கிடைத்தால் தளத்திற்கு வருவோர் குறைவர். எவரும் சொல்லக்கூடிய பொதுச் செய்திகளை எழுதியவர்களுக்கே இதனால் அச்சம் மிகுதி. கைபட்டு அறிந்ததை எழுதியவருக்கு ஓரளவு தெம்புண்டு. முழுப் பாதுகாப்பு எவருக்குமில்லை.

பெற்றோர் அறிய வேண்டியவை சில. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை தன் பெயரில் ஆட்சென்ஸ் கணக்குத் தொடங்க இயலாது. பெற்றோர் பெயரில்தான் தொடங்க வேண்டும். எனவே வருமான வரிக் கணக்கிலும் அது பெற்றோருடையதே. உறவினரைக் கூப்பிட்டு 'நம் விளம்பரத்தை ஒரு தடவை தட்டுங்கள்' என்று சொல்வது நம்மவர் வழக்கம். அன்பால் செய்வதுதான், ஆனால் கூகுளின் விதியில் அது மோசடி, கணக்கையே மூடிவிடுவார்கள். நம் பக்கத்தில் எவ்வகை விளம்பரம் வரக்கூடாதென்று தடுக்கும் வசதி கணக்கின் அமைப்புகளிலேயே உண்டு. தாயும் மகளும் சேர்ந்து எழுதும் பக்கத்தில் சூதாட்டத்தைப் போன்றவை தலைகாட்டாதபடி அதை முதல் நாளே செய்துவிடலாம். பத்து டாலர் சேர்ந்ததும், முகவரி மெய்யானதா என்றறிய, எண் அச்சிட்ட அட்டையொன்றைக் கூகுள் தபாலில் அனுப்பும். அது வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். காம்பவுண்டு வீடுகளில் குடியிருப்போர் கதவு எண்ணைச் சரியாகக் கொடுத்து, தபால்காரரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.