கயிறு எட்டாத ஆராய்ச்சி மணி

உறையூரைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் முதலில் சங்க காலத்துக்குப் போய்விடுவது வழக்கம். சோழர் தலைநகர், புறநானூறு புகழும் அறங்கூறு அவையம் என்று பட்டியல் நீளும். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்; பெருமை பேச அல்ல, கணக்குக் கேட்க. ஓர் ஊரின் அவையில் அறம் நிலைபெற்றிருந்தது என்று புலவர்கள் பாடினார்கள் என்றால், அந்த அவைக்குள் யாரால் நுழைய முடிந்தது என்ற கேள்வியும் உடன் எழவேண்டும். இன்று உறையூருக்கென்று தனி அவை இல்லை. 1866இல் நகராட்சியாகி, 1994இல் மாநகராட்சியான திருச்சிராப்பள்ளிக்குள் அது சில வார்டுகள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு இறப்புச் சான்று, புகார் மனு எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன. அரசு அலுவலகத்தின் வாசற்படி இப்போது கணினித் திரையில் இருக்கிறது. அந்தப் படியில் ஏற முடியாதவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

மனுநீதிச் சோழன் கதையை நாம் அனைவரும் அறிவோம். தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் மகனையே தேர்க்காலில் இட்டான். மேடைதோறும் அரசனின் நீதி பாராட்டப்படுகிறது. மணி எந்த உயரத்தில் இருந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் அது இருந்தது. எட்டாத உயரத்தில் கட்டியிருந்தால் அந்த மன்னனின் நீதியுணர்வு அவன் மனத்துக்குள்ளேயே கிடந்து மடிந்திருக்கும். நமது பொது அமைப்புகளின் இணையத்தளங்கள் பலவற்றில் மணி இருக்கிறது, பளபளப்பாகவும் இருக்கிறது. எட்டுகிறதா என்றுதான் யாரும் பார்ப்பதில்லை.

பார்வையற்றவர் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கேட்போர் இன்னும் உண்டு. திரையில் உள்ளதைக் குரலாக மாற்றிச் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கியது. இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும். உறையூரை அடுத்த புத்தூரில் பார்வைக் குறைபாடுள்ள பெண்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்து வெளிவரும் தலைமுறை விசைப்பலகையையும் காதையும் கொண்டு மின்னஞ்சல் அனுப்புகிறது, தேர்வுக்கு விண்ணப்பிக்கிறது, நாவல் படிக்கிறது. அவர்கள் தடுக்கி விழும் இடத்தில் பெரும்பாலும் குறை அவர்களிடம் இல்லை; தளத்தைக் கட்டியவரிடம் இருக்கிறது.

கட்டியவர் செய்வது என்ன? பொத்தானைப் படமாகப் போட்டுவிட்டு, அது எதற்கான படம் என்ற மாற்றுரையை எழுதாமல் விடுகிறார். திரைவாசிப்பான் 'படம், படம், படம்' என்று மட்டும் சொல்லும். விண்ணப்பக் கட்டத்துக்குப் பெயர் சூட்டாமல் விடுகிறார். அதில் எழுத வேண்டியது தந்தை பெயரா, வார்டு எண்ணா என்று கேட்பவருக்குத் தெரியாது. கோணல்மாணலான எழுத்துகளைப் படமாகக் காட்டி, 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்' என்கிறார்; ஒலி வழியான மாற்று இல்லையென்றால், பார்வையற்றவர் மனிதர் என்று நிரூபிக்க முடியாமல் வெளியே நிற்கிறார். இதைவிடக் கூரிய அவமதிப்பை வேண்டுமென்றே யோசித்தாலும் உருவாக்க முடியாது. கை நடுங்குபவருக்குச் சுட்டெலி உதவாது; விசைப்பலகை மட்டுமே கதி என்றால், பட்டியல் திறக்க மறுக்கிறது. காது கேளாதவருக்கு ஆணையரின் காணொளி வாயசைப்பு மட்டும். கீழே எழுத்து ஓடுவதில்லை. கண்புரை வந்த முதியவருக்கு வெளிர் சாம்பல் பின்னணியில் வெளிர் நீல எழுத்து. மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் மூன்று பொத்தான்களை வைத்துவிட்டு, அணுகுதல் முடிந்தது என்று கோப்பை மூடுகிறார்கள். சாய்தளம் கட்டச் சொன்னால் சாய்தளத்தின் படத்தைச் சுவரில் மாட்டுவதற்கு ஒப்பானது இது.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் சுட்டெலியைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையையும் என்டர் விசையையும் மட்டும் கொண்டு, தங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஒரு பொதுத் தளத்தில் ஒரு புகாரைப் பதிந்து பார்க்கலாம். பத்து நிமிடம் போதும்.

தமிழுக்கென்று தனியாக ஒரு கேடும் இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது ஆங்கில எழுத்தின் மேல் போர்த்திய சட்டை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினிக்குள் பதிவாகியிருப்பவை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், திரைவாசிப்பானின் காதுக்கு உளறல். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, கையொப்பமிட்டு, வருடி, படக்கோப்பாக ஏற்றுகிற பழக்கம் அலுவலகங்களை விட்டுப் போகவில்லை. அப்படி ஏற்றிய ஆணை ஒரு புகைப்படம். அதில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது, வாசிக்கக் கேட்க முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை அறிவிப்பே இவ்வாறு படமாக வந்தால், யாருக்காக எழுதப்பட்டதோ அவரைத் தவிர மற்ற எல்லோரும் அதை வாசிக்கலாம். பெயர் சூட்டுவதில் நாம் கெட்டிக்காரர்கள். 'மாற்றுத்திறனாளி' என்ற நல்ல சொல்லைத் தந்தாயிற்று. கோப்பை மாற்றத்தான் மனமில்லை.

இதெல்லாம் விருப்பத்தின்பாற்பட்ட நற்செயல் அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் அதே ஆண்டு ஜூனில் வந்தன. சேவை வழங்குவோர், அரசோ தனியாரோ, விதிகள் வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகுதல் விதிகளுக்கு இணங்க வேண்டும் என்பது 46ஆம் பிரிவு. அந்தக் கெடு 2019 ஜூனில் தீர்ந்தது. சட்டத்தை மீறினால் முதன்முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், மறுமுறை ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையிலும் அபராதம் என்கிறது 89ஆம் பிரிவு. அரசுத் தளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2009இல் வந்து, 2018இலும் 2023இலும் திருத்தப்பட்டன. ஆக, தெரியவில்லை என்று சொல்ல வழியில்லை.

எனினும் விதியிலேயே ஓர் ஓட்டை இருந்தது. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி 2005இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அதைச் சுட்டிக்காட்டியது. சட்டம் 'கட்டாயம்' என்கிறது. 15ஆம் விதியோ வழிகாட்டு நெறிகளை மட்டும் அடுக்கி, அணுகுதலைப் பரிந்துரை நிலைக்கு இறக்கிவிடுகிறது. அந்த விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயத் தன்மையுள்ள விதிகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. அடுத்து 2025 ஏப்ரல் 30 அன்று, பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மின்வழி அணுகுதல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அமிலத் தாக்குதலில் கண்களும் முகமும் சிதைந்த அந்தப் பெண்மணி வங்கிக் கணக்குத் தொடங்க முயன்றபோது, உயிரோடிருப்பதற்குச் சான்றாகக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது கருவி. அவரால் சிமிட்ட இயலாது.

உலகுக்கு இது புதிய சண்டையும் அல்ல. 1999இல் சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தளத்தைத் தம்மால் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மகுவையர் என்ற பார்வையற்றவர் மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். திருத்துவதற்குப் பெரும் பொருட்செலவாகும் என்று குழு வாதிட்டது. ஆணையம் ஏற்கவில்லை, இறுதியில் குழு இருபதாயிரம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர நேர்ந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அதே செலவு வாதம் நம் அலுவலகங்களில் புதுக் கண்டுபிடிப்புபோலச் சொல்லப்படுகிறது. கட்டும்போதே வாசலை அகலமாக வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். கட்டி முடித்த சுவரை இடிப்பதற்கே பணம் ஆகும். இடிக்கும் நிலையை உண்டாக்கியவரே செலவைக் காரணம் காட்டுவது என்ன நியாயம்?

'எத்தனை பேர் வரப்போகிறார்கள்' என்பது அடுத்த வாதம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். கண் மங்கும் முதியவர்களும், கை முறிந்து கட்டுப்போட்டவர்களும் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். ஒரே ஒருவர்தான் என்றாலும் வாதம் மாறாது. ஆராய்ச்சி மணியை எத்தனை பசுக்கள் அடிக்கும் என்று எண்ணிப் பார்த்தா கட்டினார்கள்?

மூன்றாவது வாதம்தான் கேட்பதற்கு இனியது, ஆகவே ஆபத்தானது: 'யாராவது உதவி செய்வார்கள்.' உதவி என்பதன் பொருள், பிரவுசிங் சென்டரில் அறிமுகமில்லாத ஒருவரிடம் ஆதார் எண்ணையும், கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வந்த ரகசிய எண்ணையும் வாய்விட்டுச் சொல்வது. பார்வையுள்ள நம்மில் யாரும் இதற்கு உடன்படமாட்டோம். நமக்கு மடமை என்று தோன்றுவதை அவர்களுக்கு ஏற்பாடு என்று பரிந்துரைக்கிறோம்.

காவிரிக்கு அக்கரையில் சொல்லப்படும் குருபரம்பரைக் கதையொன்று உண்டு. கண்ணிழந்து ஸ்ரீரங்கம் திரும்பிய கூரத்தாழ்வான், கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டார். இராமாநுசர் சம்பந்தமுடையோருக்கு அனுமதி இல்லை என்பது அரசாணை. மற்றொரு காவலர், இவர் நற்குணம் உடையவர், விடலாம் என்று பரிந்தார். ஆழ்வான் அந்தச் சலுகையை மறுத்துத் திரும்பிவிட்டார். ஆசாரிய சம்பந்தத்தை அறுத்துக்கொண்டு பெறும் அனுமதி வேண்டாம் என்பது அவர் காரணம். அது வைணவப் பெரியோர் விளக்க வேண்டியது. எனக்கு அதில் படுவது ஒன்று: காவலரின் தயவில் திறக்கும் வாயில், உரிமையால் திறந்த வாயில் ஆகாது. தவிர, ஆழ்வானைத் தடுத்தவர் காரணத்தையாவது சொன்னார். இணையத்தளம் அதையும் சொல்வதில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஒருவர் பார்வையற்றவர், ஒருவர் கால் வழங்காதவர் என்றிருந்த இரட்டைப் புலவர்களின் சிலேடைகளை ரசிப்பவர்கள் நாம். முதுகில் எழுத்தை எழுதச் செய்து கற்றார் என்று சொல்லப்படும் அந்தகக்கவி வீரராகவ முதலியாரைக் கொண்டாடுபவர்கள் நாம். அந்த ஆசிரியர் செய்தது எளிய காரியம். கண்ணுக்கு எட்டாத எழுத்தைத் தோலுக்கு எட்டும்படி மாற்றினார். இன்று 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் எழுத்துக் கோப்புகளில் சங்க இலக்கியத்தைத் திரைவாசிப்பான் வாசிக்கும். வருடப்பட்ட படமாக மட்டும் ஏற்றப்பட்ட அரிய நூலையோ சிற்றிதழையோ வாசிக்காது. அரசைச் சாடும் நம் சூழலும் தன் வாசலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாநகராட்சியானாலும் அறநிலையத் துறையானாலும் கேட்க வேண்டியவை நான்கே. தளம் அமைக்கும் ஒப்பந்தத்திலேயே அணுகுதல் தரம் நிபந்தனையாக இருக்கட்டும். பார்வையற்றவர், கை இயங்காதவர், காது கேளாதவர் ஆகியோர் கூலி பெற்றுச் சோதித்துச் சான்றளித்த பின்னரே ஒப்பந்ததாரரின் கடைசித் தவணை விடுவிக்கப்படட்டும். ஆணைகளும் அறிவிப்புகளும் ஒருங்குறி எழுத்துக் கோப்பாகவும் வெளியாகட்டும். குறையைப் பெற்றுக்கொள்ளவும் குறித்த நாளுக்குள் பதில் சொல்லவும் பெயர் சொல்லக்கூடிய ஓர் அதிகாரி இருக்கட்டும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

மலைக்கோட்டையின் படிகள் பாறையில் வெட்டியவை. மாற்றக் கடினம் என்று சொன்னால் ஓரளவு ஏற்கலாம். இணையத்தளத்தின் படிகளை நேற்று ஒருவர் மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். நாளை அவரே திருத்தி எழுதலாம். எழுதச் சொல்லி ஆணையிட வேண்டியவர்கள் அதைச் செய்யாதவரை, அவர்கள் செய்வது தாமதம் அல்ல, விலக்கிவைப்பு.