கல்லும் நிலமும்

தர்மபுரி, திருவண்ணாமலை பக்கத்துக் கிராமங்களில் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் 'வேடியப்பன்' என்று ஒரு சாமி உண்டு. பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், பல இடங்களில் அது ஆயுதம் ஏந்திய ஒரு வீரனின் உருவம் செதுக்கிய கல். அந்தச் சாமி ஒரு காலத்தில் அதே ஊரில் நடமாடிய மனிதன். மாடுகளைக் கவர வந்தவர்களை எதிர்த்து நின்று உயிரை விட்டவன்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல், நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை எல்லாவற்றுக்கும் தொல்காப்பியம் முறை சொல்கிறது. இறந்த வீரனை மறக்கக்கூடாது என்பதில் தமிழர்கள் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள்.

ஆனால், கல் நட்டதோடு கடமை முடிந்துவிட்டதாக அவர்கள் நினைக்கவில்லை. வீரன் விட்டுப்போன குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அதற்கு 'நெய்த்தோர்பட்டி', 'உதிரப்பட்டி' என்று பெயர். நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் ரத்தம்தான். சிந்திய ரத்தத்துக்காகக் கொடுத்த நிலம் அது. செத்தவனுக்குக் கல், இருப்பவர்களுக்குச் சோறு. மரியாதை என்பது இரண்டும் சேர்ந்ததுதான்.

இன்றைய கல், டெல்லியில் இந்தியா கேட் அருகே இருக்கிறது. 2019 பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

இன்றைய நெய்த்தோர்பட்டி எது? ஓய்வூதியமும் அரசு உதவிகளும் ஒரு பக்கம். பொதுமக்கள் பங்குக்கு, கொடிநாள் நிதி. 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 கொடிநாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைகளையும் குறிக்கும் அந்தச் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திவிட்டு, உண்டியலை நீட்டுவார்கள் மாணவர்கள். சில்லறையைப் போட்டுவிட்டு நகர்கிறவர்களில் பலருக்கு அது எதற்கென்று தெரியாது. போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், ஊனமுற்றவர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் உதவத்தான் அந்தப் பணம்.

முன்னாள் படைவீரர் என்றதும் நரைத்த மீசைத் தாத்தாதான் நினைவுக்கு வருவார். உண்மையில், சிப்பாயாகச் சேர்ந்த பலர் நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். அடுத்த வேலை தேடியாக வேண்டும். வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்று, பாஸ்புக் எந்திரம் எங்கே இருக்கிறது என்று வழி சொல்லும் காவலாளி, சில ஆண்டுகளுக்கு முன் பனிமலையில் காவல் நின்றவராக இருக்கலாம்.

மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அறிவிக்கப்பட்ட அசோக சக்ரா விருதை 2015 குடியரசு தின விழாவில் அவர் மனைவி பெற்றுக்கொண்டதை நாடே பார்த்தது. கேமரா வராத வீடுகள் எத்தனையோ. மாலையும் மரியாதைக் குண்டுகளும் முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, ஓய்வூதியக் காகிதங்களோடு அலைவது அந்த இளம் பெண்தான். அவளுக்கு வழிகாட்ட மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புதவி உட்பட எதற்கும் அங்கே கேட்கலாம். இது தெரியாத குடும்பங்கள் இன்னும் உண்டு. தெரிந்தவர் யாராவது ஒருமுறை கூடவே போய் வந்தால், அது பத்து மாலைக்குச் சமம்.

பள்ளிகள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. டிசம்பர் 7 அன்று, அதே ஊரில் இருக்கும் முன்னாள் படைவீரர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு, அவர் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கட்டும். அதற்குச் செலவே இல்லை. உண்டியலில் எதற்காகக் காசு போடுகிறோம் என்று பிள்ளைகளுக்கும் புரியும்.